கை. சௌ. வேதநாயகி

ஐஸ் பெட்டியின் ப்ளக்கைச் சொருக ஹாலில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதில் கம்ப்யூட்டரின் வயர் இருந்தது.

“அண்ணி, இத புடுங்கிடட்டுமா?” என்று வசந்தகுமார் கேட்டான்.

வேதநாயகி தலையசைத்தாள். கொழுந்தன் குனிந்து வயரை இழுத்தான். அவள் புருஷன் பாலசுப்ரமணியன் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு வீடே இரண்டுபட்டிருக்கும். முறைப்படி அணைக்காமல் பிடுங்கினால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அவர் சொல்லாத நாளில்லை. இப்போது நாடி கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, பேசாமல் படுத்திருந்தார். காலை ஐந்தரைக்கு வாக்கிங் போக ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. கட்டி முடித்த ஒரு கால் ஷூவை வேதநாயகிதான் கழற்றினாள். முடிச்சை இறுக்கிப் போட்டிருந்தார், அவிழ்க்க நேரமாயிற்று.

மகள் தமிழரசி பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்த பிறகு நாலு மணிக்கு எடுப்பது என்று பேச்சு. வசந்தகுமார் அண்ணனின் மொபைலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், அதிலிருந்த நம்பருக்கெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்கியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நிக்டியில் அவர்கள் இருந்த காலனியே அவர் வேலை பார்த்த கம்பெனிக்காரர்களின் காலனிதான். ரிட்டையர் ஆன பழைய ஃபோர்மேன்கள் இரண்டிரண்டு பேராக வந்து, கைகூப்பி, மராத்தியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே போய் நின்றார்கள்.

பதினொரு மணிக்கு, யாருக்கும் தெரியாத ஒரு பெண்மணி ரோஜா மாலையும் ஒரு நீல நிற ஃபைலுமாக வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மாலையைப் பெட்டி மேல் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, வேதநாயகியின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் ஆரோக்கியமேரிங்க. லோஹேகாவ்லேர்ந்து வர்றேன். வீட்டுக்காரரு ஏர்ஃபோர்ஸ்ல இருக்காரு. சாரோட க்ளப்புக்கு நான்தான் செக்ரெட்டரி.”

க்ளப் என்றதும் வேதநாயகிக்குப் புரிந்தது. சஹ்யாத்ரி ஆன்லைன் சேவா க்ளப். 2003-லிருந்து, மூன்று வருஷமாக, சனிக்கிழமை நாலு மணி ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் அவர் கிடப்பார். ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமலே, திரையில் எழுதிக் கூட்டம் நடத்துவார்கள். ரத்தம் வேண்டும் என்றால் ஆள் பிடிப்பார்கள், கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடத்தைப் படித்து கேசட்டில் பதிந்து அனுப்புவார்கள். நல்ல காரியம்தான். ஒற்றை விரலால் அவர் தட்டிக்கொண்டிருக்கும்போது வேதநாயகி டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைப்பாள். திரையை எட்டிப் பார்த்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் ஒட்டுக் கேட்கும் ஆசையே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

“நீங்க சாரோட அக்காங்களா?” என்று ஆரோக்கியமேரி கேட்டாள்.

வேதநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்ல, முகஜாடை இருக்கு, அதான் கேட்டேன்” என்றாள் அவள். முப்பத்தைந்து வருஷம் ஒரே சோற்றைத் தின்றால் ஜாடை வராமல் என்ன செய்யும். “பாவங்க சார். வேதா மேடம் போனதுக்கப்புறம் தனியாளா என்ன பாடு பட்டாரு! தானே சமைச்சு, தானே துவைச்சு. ரசப்பொடி எப்படி அரைக்கணும்னு எங்களுக்கே எழுதுவாரு. மேடம் கைப்பக்குவம்னு சொல்லுவாரு.”

அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாத மனிதர் அவர். யாரோ வீடு மாறி வந்துவிட்டாள் என்றுதான் வேதநாயகி முதலில் நினைத்தாள். ராங் நம்பர் எத்தனை பார்த்திருக்கிறாள்.

“எந்த வேதா?”

“அவரு மிஸஸ்ங்க. வேதநாயகி மேடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தாங்களே.”

நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்த நிமிஷமே, இத்தனை பேர் நடுவில், பெட்டிக்குள் கிடக்கிற மனிதர் பொய்யராகிவிடுவார். அவர் மானத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றியே பழகிவிட்ட நாக்கு உள்ளே போய்விட்டது.

“ம்” என்றாள்.

ஆரோக்கியமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடம் நினைவா ஒரு வாட்டர் கூலர் வச்சோம்ங்க. ஸ்கூல்ல வைக்கலாம், ஆஸ்பத்திரியில வைக்கலாம்னு ஆளாளுக்குச் சொன்னோம். சார் பிடிவாதமா சுடுகாட்டுலதான் வைக்கணும்னுட்டாரு. அங்க வர்றவங்க தாகத்தோட நிப்பாங்க, யாரும் அவங்களக் கவனிக்கிறதில்லன்னாரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க.”

பிறகு நீல ஃபைலை மடியில் வைத்தாள். மூன்று வருஷமாக க்ளப்பில் சார் எழுதியதையெல்லாம் அச்சடித்து எடுத்து வந்திருப்பதாகவும், மகள் வந்ததும் கொடுக்கும்படியும் சொன்னாள். சுடுகாட்டுக்கு மற்ற உறுப்பினர்களும் வருவார்களாம். தானும் அங்கேயே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வேதநாயகி ஃபைலைத் திறக்கவில்லை. உட்கார்ந்தபடியே மனசுக்குள் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நிக்டியில் அவள் கால் படாத இடம் எது? மார்க்கெட்டுக்குப் போவாள், பாங்குக்குப் போவாள். முருகன் கோயில், ஆஸ்பத்திரி, தமிழரசி படித்த பள்ளிக்கூடம், எல்லாம் அவள் நடந்த இடம். பெண்பிள்ளைகள் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்து வைத்திருக்கிறார்.

தமிழரசி ஒரு மணிக்கு வந்தாள். அழுது, முகம் கழுவி, அறையில் வந்து உட்கார்ந்ததும் வேதநாயகி கதவைச் சாத்திக்கொண்டு ஃபைலை நீட்டினாள்.

“படி.”

“என்னம்மா இது? இப்பவா?”

“இப்பவே.”

முதல் தாளில் முதல் நாள் கூட்டம். ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டிருந்தது. எல்லாம் இங்கிலீஷ். நாலு பன்னிரண்டுக்குச் செக்ரெட்டரி வரவேற்று, நீங்களும் மனைவியும் வேலையில் இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். நாலு பதிமூன்றுக்கு பாலசுப்ரமணியன் பதில் எழுதியிருக்கிறார்: மை ஒய்ஃப் இஸ் நோ மோர்.

அடுத்து வரிசையாகப் பதினாலு பேர். ஆழ்ந்த அனுதாபம். வார்த்தை இல்லை சார். மஸ்கட்டிலிருந்து ஒருவர் இரண்டு நிமிஷ மௌனம் கேட்டிருக்கிறார்; எல்லோரும் இரண்டு நிமிஷம் எதையும் தட்டாமல் இருந்திருக்கிறார்கள்.

தமிழரசி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சட்டென்று அம்மாவின் தோளை உலுக்கினாள்.

“அரே, அம்மா, இங்க பாரு. வேலையப் பத்திதான கேட்டிருக்காங்க? நீ அப்பதான வீ.ஆர்.எஸ். வாங்கின? அப்பா ‘நோ மோர் இன் சர்வீஸ்’னு அடிக்க வந்திருக்காரு. நடுவுல என்டர் தட்டிட்டாரு. பாதி மட்டும் போயிடுச்சு. மிஸ்டேக்ம்மா. அவ்ளோதான்!”

வேதநாயகிக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அப்படித்தான் இருக்கும். ஒற்றை விரல்காரர். எத்தனை தடவை பாதியில் தட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக அழலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

தாளைத் திருப்பினாள். நாலு இருபதுக்கு அவருடைய அடுத்த வரி இருந்தது: தேங்க் யூ ஆல்.

ஏழு நிமிஷம். அவள் காலத்தில் ஒரு ட்ரங்க் கால் மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் சம்பந்தம் பேசி முடித்தவர்களை அவளுக்குத் தெரியும். ஏழு நிமிஷம் விரலைக் கீபோர்டு மேல் வைத்துக்கொண்டு, தப்பாக விழுந்துவிட்டது என்று ஒரு வரி தட்ட அவருக்கு மனம் வரவில்லை. பதினாலு பேர் தன்னைச் சுற்றி நின்று பரிதாபப்பட்டது பிடித்துப்போயிருக்கிறது. அந்த நேரம் அவருக்குப் பக்கத்தில் டீ இருந்திருக்கும். செத்தவள் போட்ட டீ. அதையும் குடித்திருப்பார்.

மற்ற தாள்களைத் தமிழரசி படிக்கப் பயந்தாள். வேதநாயகியே படித்தாள். பத்து வருஷமாகக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பஞ்சாங்க எழுத்தைவிட இது தெளிவாக இருந்தது. என் மனைவி ஆரஞ்சு உரித்தால் நாரெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். என் மனைவிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் சத்தமாக விழும், ஆனால் சோறு குழையாது. எல்லாவற்றிலும் மோசம் அவள் குரலைப் பற்றி எழுதியது. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கம்பெனி போனிலிருந்து வேலூருக்கு ஒரு கால் வேண்டும் என்று கேட்பேன். நம்பர் ப்ளீஸ் என்பாள். கேட்டதும் வைத்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு பைத்தியம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வைத்தது அவளுக்கு ஞாபகமிருந்தது. வீட்டுக்கு வந்து அந்த ஆளைத் திட்டித் தீர்ப்பாள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அவள் கொஞ்சம் குரல் எழுப்பினால், “மெதுவா பேசு, இது எக்ஸ்சேஞ்ச் இல்ல” என்பார். நேற்று ராத்திரி அவளிடம் கடைசியாகச் சொன்னது சட்னியில் உப்பு கம்மி என்பது.

இத்தனையும் அவருக்குள் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் மஸ்கட்காரனுக்கும் லோஹேகாவ்காரிக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார். உயிரோடு இருந்தது ஒன்றுதான் அவள் செய்த தப்பு. வேறொருத்தியோடு தொடர்பு என்றால்கூடப் போய் அவள் தலைமயிரைப் பிடிக்கலாம். இங்கே அந்த வேறொருத்தியும் வேதநாயகிதான்.

“அம்மா, ஏதாவது பேசும்மா” என்றாள் தமிழரசி.

“வேன் எத்தன மணிக்கு?”

“நாலுக்கு.”

“நானும் வர்றேன்.”

கதவைத் திறந்து வெளியே வந்து அதையே வசந்தகுமாரிடமும் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

“அண்ணி, நம்ம பக்கத்துல பொம்பளைங்க அங்க வர்றது வழக்கமில்ல. மராத்திக்காரங்க போவாங்க, நம்மளுக்கு என்ன? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“நான் ஏற்கெனவே போனவதான், வசந்தா. ஒண்ணும் புதுசில்ல.”

துக்கத்தில் உளறுகிறாள் என்று அவன் தமிழரசியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “வரட்டும் சித்தப்பா” என்றாள். வாய்க்கரிசி போடும்போது வேதநாயகி எல்லோரையும் போலப் போட்டாள். அழவில்லை. கட்கிக்காரர்கள் அதைக் கவனித்தார்கள்.

சுடுகாடு அவள் நினைத்ததுபோல் இல்லை. சிமெண்ட் தரை, வேப்பமரம், சுவரில் பெரிய கடிகாரம், உள்ளே கரண்ட்டில் எரிக்கிற கூடம். வெயில் மண்டையைப் பிளந்தது. வேனிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். க்ளப்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பக்கம் நின்றார்கள். அவர்களுக்கும் இன்றைக்குத்தான் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது போலிருந்தது.

வேதநாயகி உள்ளே போகாமல் வேப்பமரத்தை நோக்கி நடந்தாள். அங்கேதான் இருந்தது. ஆள் உயர எவர்சில்வர் பெட்டி, இரண்டு குழாய், சங்கிலியில் கட்டிய ஒரு தம்ளர். யாரும் தூக்கிப் போய்விடக்கூடாது என்று சங்கிலியைக் குட்டையாக வைத்திருந்தார்கள். குடிக்க வேண்டுமென்றால் குனியத்தான் வேண்டும். குனிந்தால் முகத்துக்கு நேரே பித்தளைத் தகடு.

மராத்தியில் பொறித்திருந்தது. கை. சௌ. வேதநாயகி பாலசுப்ரமணியன் அவர்களின் நினைவாக. முப்பது வருஷமாக இந்த ஊர் பத்திரிகையில் இரங்கல் விளம்பரம் பார்க்கிறவளுக்கு அந்த இரண்டு எழுத்தும் தெரியும். கை. என்றால் கைலாசம் போய்விட்டவள். சௌ. என்றால் சௌபாக்கியவதி, புருஷன் இருக்கும்போதே பொட்டும் பூவுமாகப் போனவள்.

வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு, பொட்டோடு போய்விட வேண்டும் என்று அவளே அவர் காதுபடச் சொல்லியிருக்கிறாள். “நீ போயிட்டா எனக்கு யாரு காபி போடுவா?” என்பார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கை. அன்றைக்கே பொய். சௌ. இன்று காலை ஐந்தரை வரைக்கும் உண்மையாக இருந்தது.

தம்ளரைக் கழுவி, பிடித்து, குனிந்து குடித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது தம்ளரும் குடித்தாள்.

ஆரோக்கியமேரி பின்னாலேயே வந்திருந்தாள். “நல்லா வச்சிருக்காங்கல்ல? சார் மாசாமாசம் வந்து தானே தொடச்சிட்டுப் போவாருன்னு இங்க வாட்ச்மேன் சொன்னாரு.” சற்று நின்று, “அக்கா, காலையிலேர்ந்து உங்க பேர நான் கேக்கவே இல்லையே” என்றாள்.

வேதநாயகி தம்ளரை நிரப்பினாள். இன்னொரு கையால் தகட்டைக் காட்டினாள்.

“அங்க எழுதியிருக்கு பாருங்க.”

ஆரோக்கியமேரி தகட்டைப் பார்த்தாள். வேதநாயகியின் நெற்றியைப் பார்த்தாள். மறுபடி தகட்டைப் பார்த்தாள்.

“குடிங்க. தண்ணி நல்லா சில்லுனு இருக்கு” என்று வேதநாயகி தம்ளரை நீட்டினாள். சங்கிலி எட்டிய வரைக்கும்தான் அது வந்தது. ஆரோக்கியமேரி வாங்கிக்கொண்டு, குனிந்து, கண்ணை மூடியபடி குடித்தாள்.

கூடத்தின் வாசலிலிருந்து வசந்தகுமார் கூப்பிட்டான். “அண்ணி! முகத்த மூடப் போறாங்க. கடைசியா பாக்கணும்னா வந்துடுங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கறாங்க.”

வேதநாயகி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“வர்றேன். இன்னும் ஏழு நிமிஷம் ஆகும்னு சொல்லு.”

ஆரோக்கியமேரியின் கையிலிருந்து தம்ளரை வாங்கி, மறுபடியும் குழாயடியில் வைத்தாள்.