தோளில் முளைத்த பிள்ளை

கண்ணாடிக் கடைக்காரரின் இடது தோளில் பிள்ளை முளைத்த வருஷம் வெயில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு, ஃபிரேம் விலை கொஞ்சம் அதிகம். அவருடைய மனைவி மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை, கடையில் பேசினார்கள். கடையில் பேசாத விஷயம் என்று ஒன்று கிடையாது. சாயங்காலமானால், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகைக்குக் கீழே கிடந்த பெஞ்சில் லாரி புக்கிங் ஆபீஸ்காரரும் ரிட்டயர்டு என்ஜினியரும் வந்து உட்கார்வார்கள். யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதே அந்தச் சபையின் வேலை. பூமி சுற்றுவதைக்கூட டீ வந்து சேரும்வரை சந்தேகப்படுவார்கள். ஆனால் அவர்கள் ஆசை ஆசையாகக் கடித்துக் குதறியது பரிணாமத்தைத்தான். அதைப் பாடமாக நடத்துகிறவள் தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

"முதல் ஆம்பளை வந்தான், சரி. அவன் வர்ற நேரம் பார்த்து முதல் பொம்பளையும் ரெடியா வந்து நின்னாளா? ஒருத்தர் லட்சம் வருஷம் லேட்டா வந்திருந்தா இன்னொருத்தர் என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கடைக்காரர் கேட்பார். கேட்டுவிட்டு பெஞ்சைப் பார்த்துக் கண்ணடிப்பார். டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொல்வாள். ஆணும் பெண்ணும் ஒருநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல வந்து இறங்கவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே உயிர்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருந்தன. பிறகு தங்களுக்குள் இருந்ததை ஒன்றோடொன்று கொடுத்து வாங்கப் பழகின. அப்படிப் பிறந்தவை ஒரே அச்சாக இல்லாததால், நோய் வந்தபோது எல்லாம் ஒன்றாகச் சாகாமல் சில தப்பித்தன. ஆண், பெண் என்கிற வித்தியாசம் அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் "நீ பார்த்தியா? அப்போ நீ அங்க இருந்தியா?" என்பார். பெஞ்ச் சிரிக்கும்.

ஒருமுறை அவள் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு வந்து, ஹைட்ரா என்கிற நூலளவு நீர்ப்பிராணியின் இடுப்பில் குட்டி ஒன்று முளைத்து நிற்பதைக் காட்டினாள். மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். "மரு" என்றார் என்ஜினியர். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். ஒட்டுமொத்தச் சபையும் உற்சாகத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் கடைக்காரர் அதைச் சொன்னார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இனப்பெருக்கம் நடத்துறாங்க டீச்சரம்மா. சொந்த வீட்டுல மட்டும் அந்தப் பாடம் நடக்கமாட்டேங்குது."

ஃபிரேம் பார்க்க வந்த யாரோ ஒரு ஆள்கூடச் சிரித்தான். எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல் ஏறி, ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியவள் அவள். ஒரு டெஸ்டுக்குக்கூட வராமல் கடையைக் காரணம் காட்டியவர் அவர். அவளுக்கு வந்த கோபம் அழுகையாக மாறவில்லை, பேச்சாகவும் மாறவில்லை. அன்று முதல் அவள் கையில் பிடித்த பால் அடுப்பில்லாமலே பொங்கியது. கேஸ் சிலிண்டர் முன்பைவிட அதிக நாள் வந்தது. கடைக்காரர் அந்தப் பாலில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, நாக்கு சுட்டதாக மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் தோளில் அந்தக் கட்டி எழும்பியது. மரு என்றார் கடைக்காரர். மருவுக்குக் காது வந்தது, பிறகு இமை வந்தது, ஒருநாள் தும்மியது. டாக்டர் வெட்டிவிடலாம் என்றதற்கு, மருவுக்கெல்லாம் யாராவது கத்தி வைப்பார்களா என்று எழுந்து வந்துவிட்டார். சட்டைக்கு மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து விரல் நீண்டதை பெஞ்ச் பார்க்காததுபோல இருந்தது. டீச்சருக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு மருந்து, எவ்வளவு மாத்திரை, இந்த மனுஷனுக்கு மட்டும் சும்மா உட்கார்ந்த இடத்தில் பிள்ளையா? ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு அவள் கடைக்குப் போனபோது, அவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தோளிலிருந்து காம்பு கழன்று பிள்ளை விழுந்தது. கேரியரைப் போட்டுவிட்டு முந்தானையில் பிடித்தாள். கடைக்காரர் விழிக்கவே இல்லை.

பையனை அவள்தான் வளர்த்தாள். அவன் அவளை அம்மா என்றான். கடையிலேயே வளைய வந்ததால் சபையின் பேச்செல்லாம் அவனுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் போட்ட வருஷம், கடைக்காரர் கொஞ்சலாக "அப்பான்னு கூப்பிடுடா" என்றார்.

"நீங்க எப்படி எனக்கு அப்பா?"

"என் தோள்ல முளைச்சவன்டா நீ."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் தூங்கிட்டிருந்தேன்."

"அப்போ சும்மா சொல்றீங்க" என்று பையன் முடித்துவிட்டான். அன்றிலிருந்து அவரைக் கடைக்காரரே என்றுதான் கூப்பிட்டான். பையன் கேட்பது நியாயம்தானே என்றார் என்ஜினியர். பிள்ளை பிறக்க இரண்டு பேர் வேண்டும், இது ஆதியிலிருந்து உள்ள ஏற்பாடு, இவர் எங்கேயோ எடுத்து வந்துவிட்டுக் கதை கட்டுகிறார் என்றார் லாரிக்காரர். கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை வாயால் ஒருதரம் அப்பா என்று கேட்க ஏங்கியே ஆள் பாதியாகிவிட்டார். கடைசியில் சபை கூடியிருந்த ஒரு சாயங்காலம், தெருவில் போன டீச்சரைக் கூப்பிட்டார்.

"நீ பார்த்தேல்ல. ஒரு வார்த்தை சொல்லேன்."

அவள் படியேறி வந்தாள். "இதே பெஞ்ச் முன்னாடி என்னைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அதை முதல்ல திரும்ப வாங்கிக்குங்க."

எது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, தப்பு தன் மேல்தான், அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ என்றார். "ஆமா, நான் பார்த்தேன். அவர் தோள்லேர்ந்துதான் விழுந்தான்" என்றாள் டீச்சர். பெண்டாட்டி வேறு எப்படிச் சாட்சி சொல்வாள் என்றது பெஞ்ச். ஆனால் பையன் அவளிடம் திரும்பி, "சாட்சிக்கு வேற என்னம்மா இருக்கு?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் இருவர் சட்டையையும் கழற்றச் சொன்னாள். "பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் உண்மைன்னு இல்லடா. நடந்தது தடம் விட்டுட்டுப் போகும்" என்றாள். பையனுக்குத் தொப்புள் இல்லை. அவன் இடுப்புக்குப் பின்னால் ஒரு தழும்பு, மேல்பக்கம் சிலும்பிய விளிம்போடு. கடைக்காரர் தோளிலும் ஒன்று, அதே அளவு, அதே சிலும்பல். கடை முழுக்கத்தான் கண்ணாடி. பையன் முன்னும் பின்னுமாகத் திரும்பி, வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தான்.

"சரிப்பா" என்றான்.

கடைக்காரர் பில் புத்தகத்தின் மேல் தலையை வைத்து அழுதார். தழும்பு யாருக்குத்தான் இல்லை என்றார் லாரிக்காரர். கடைக்காரர் சட்டையில்லாமலே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். நீங்கதான் தூங்கிட்டீங்களே, பார்த்தீங்களா என்று அவர்கள் கேட்டார்கள். அந்த வாக்குவாதம் இன்றுவரை நடக்கிறது, டீ மட்டும் விலை ஏறியிருக்கிறது.

அன்று வீட்டில் பையன் பால் கேட்டான். டீச்சர் டம்ளரில் ஊற்றிக் கையில் பிடித்தாள். ஓரமெல்லாம் நுரைத்து ஏறியது.

"அப்பாதான் மன்னிப்பு கேட்டுட்டாரே. இன்னும் கோபமாம்மா?"

"கேட்டாரு. நான் இன்னும் குடுக்கல."

பால் பொங்கி வழிந்தது. பையன் டம்ளரைத் துணியால் பிடித்து வாங்கி, ஊதி ஊதிக் குடித்தான்.