பதினேழாம் பக்கத்தில் ஜெயவேல் இல்லை

குழம்பு தானாகப் போய்ப் புத்தகத்தின் மேல் விழுந்தது என்று ஸ்டானிஸ்லாஸ் சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் தட்டு அவர் மடியில் இருந்தது. வாய் நிறையச் சோற்றோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததும் அவர்தான். நாலு பரிசு வாங்கிய சித்திரக்கதை நெத்திலி வாசனையோடு நனைந்து கிடந்தது. படம் வரைந்த மூவரில் மூன்றாவது பெயர் சாரா. அவருடைய மகள்.

"யோவ், பொண்ணு வர்றதுக்குள்ள எங்கனா ஓடிப்பூடு" என்றாள் அவர் மனைவி ஹில்டா.

ஓடாமல் புத்தகத்தைக் குழாயடியில் அலசி, மொட்டை மாடிக் கம்பியில் கிளிப் போட்டார். அவசரத்தில் தலைகீழாக.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் குரல் எட்டாது, கைதான் பேச்சு. விரலைச் சுழற்றினால் தூக்கு. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. புத்தக அட்டையில் கதைநாயகனான பறக்கும் மாவீரன் முஷ்டியை உயர்த்திக்கொண்டு ஜிவ்வென்று ஏறுகிறான். நிறுத்து, நிறுத்து என்று கத்திக்கொண்டே மேலே போகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

குழம்பைத் துடைக்கும்போதுதான் பதினேழாம் பக்கம் கண்ணில் பட்டது. அதோடு சிரிப்பு நின்றது. அறுந்து விழுகிற மூட்டை வலை, அதன் கீழே மஞ்சள் தொப்பிக்காரன் ஒருவன், அவனுக்கு ஸ்டானிஸ்லாஸின் மூக்கு. பறப்பவன் வந்து வலையை ஒற்றைக் கையால் தாங்குகிறான்.

நிஜமாகவே வலை அறுந்த அன்றைக்கு யாரும் பறந்து வரவில்லை. கூட வேலை பார்த்த கொருக்குப்பேட்டை ஜெயவேல்தான் அவர் காலரைப் பிடித்து இழுத்தான். காலர் கிழிந்தது, மூட்டைகள் ஜெயவேலின் இடது கால் மேல் விழுந்தன. வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறார், "அவனால ஒரு நல்ல சட்ட பூட்ச்சு" என்று. கதை சட்டையோடு முடிந்துவிடும். காலைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நேற்று ஜெயவேல் போனில் கேட்டிருந்தான்: "நம்ம கதையாமே மாமு? ஞாயித்துக்கெழம வர்றேன், காட்டு."

சாயங்காலம் சாரா மாடிக்கு வந்தாள். "இன்னாப்பா இது?"

"கொழம்பு. அத்த வுடு. ஜெயவேலு எங்க?"

"கதைப்பா. நடந்தத அப்படியேவா வரைவாங்க?"

"என் மூக்க மட்டும் அப்படியே வரஞ்சிகீற?"

"அது பெருசு. மறைக்க முடியல."

அவருக்குப் பிறந்தவள்தானே. வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். அவர் சிரிக்கவில்லை.

"படிச்சவங்க எல்லாம் அழுதாங்கப்பா."

"அழட்டும். கால் போனவன் குந்திகினு கீறான், அவனுக்கு எவன் அழுதான்? பறக்கறவன நீயே வெச்சிக்க, எனக்கு வாணாம். நாளைக்கி ஜெயவேலு வந்து நிப்பான். எந்தப் பக்கத்தத் தொறந்து காட்ட?"

"புள்ள இப்பதான் வந்துச்சு..." என்று பின்னாலேயே ஏறி வந்த ஹில்டா ஆரம்பித்தாள். ஸ்டானிஸ்லாஸின் முஷ்டி தானாக உயர்ந்தது. முப்பது வருடக் கை. ஹில்டா நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றார் மகளிடம்.

சாரா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரைஞ்சேன்ப்பா. கை, காலரு, அவரு காலு, எல்லாத்தையும். ஒருத்தன் இழுத்துக் காப்பாத்திட்டா பறக்கறவனுக்கு அங்க இன்னா வேலைன்னு கூட வரையற ரெண்டு பேரும் கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. அழிச்சிட்டேன். அவங்க இல்ல, நான்தான் அழிச்சேன்."

கடல் காற்றில் கம்பி ஆடியது. தலைகீழாகத் தொங்கிய மாவீரனின் முஷ்டியிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு, இருவர் காலுக்கும் நடுவே விழுந்தது.