கன்னியாத் தண்ணீர்

கிளியின் மூச்சு அடங்கிய நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலின் வலப்பக்கம் அவளுடைய கணவன் அன்ரன். இடப்பக்கம் மகள் வதனி. கால்மாட்டில் தமையன் பேரின்பநாயகம். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி அவருடைய மனைவி வசந்தினி. கதவடியில், கழற்றிய குளிர்ச்சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, சிற்றப்பா மகன் இரவிச்சந்திரன். பிறகு வேறு பலரும் தாங்கள் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார்கள். அவர்கள் நிற்கவில்லை.

தாதி வந்து நாடியைப் பார்த்துவிட்டு, வதனியிடம் பிரெஞ்சில் இரண்டு வசனம் சொல்லிவிட்டுப் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் விழுங்கும் நிலை தாண்டிவிட்டது. உதட்டை மட்டும் நனைக்கலாம். அதற்கென்று நுனியில் பஞ்சு வைத்த குச்சிகள் ஒரு குவளையில் இருந்தன. வதனி ஒன்றை எடுத்தாள். கட்டில் மேசையில் நின்ற சோடாப் போத்தலின் மூடியைத் திருகினாள். போன ஆடியில் ஊருக்குப் போன இரவிச்சந்திரன் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் மொண்டு, கிளி கேட்டாளென்று கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் அது.

பேரின்பநாயகம் கால்மாட்டிலிருந்து வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அந்தத் தண்ணி வேண்டாம்.”

“அம்மாதான் மாமா கேட்டவ. செவ்வாய்க்கிழமையும் கேட்டவ.”

“எட்டு மாசமாப் போத்தலுக்கை கிடந்த தண்ணி. குழாயிலை நனைச்சுக் கொண்டு வா.”

எழுபத்தேழு வயதிலும் அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுத்துப் பேசுவதில்லை. வதனி அவரை ஒருதரம் பார்த்தாள். குச்சியைக் குப்பைக்குள் போட்டாள். வேறொன்றை எடுத்துக் கைகழுவும் தொட்டியில் நனைத்து வந்து தாயின் வாயில் வைத்தாள். கிளியின் உதடுகள் பஞ்சைக் கவ்வின. கவ்வியபடி கண் திறந்து அந்தப் போத்தல் இருந்த பக்கம் பார்த்தாள் என்றுதான் பேரின்பநாயகத்துக்குப்பட்டது. வசந்தினி பிறகு, அவள் எதையும் பார்க்கவில்லை, அது வெறும் விழிப்பு என்றாள். இரண்டு மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை. காலை பத்து நாற்பது. வெளியே கார் தரிப்பிடத்தின் மூலையில், பங்குனி முடிந்தும் கரையாத ஊத்தைப் பனி ஒரு குவியலாகக் கிடந்தது.

அன்ரன் மனைவியின் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். பேரின்பநாயகம் திருநீற்றுப் பையை எடுத்துத் தங்கையின் நெற்றியில் மூன்று குறி இழுத்தார். அழித்து மறுபடியும் இழுத்தார்.

தண்ணீர் பழையது என்பதல்ல காரணம். அந்தத் தண்ணீர் கிளிக்கு ஏற்கெனவே ஒருதரம் வார்க்கப்பட்டிருந்தது.

திருகோணமலைச் சைவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவருக்குக் கன்னியாவின் கதை பாலோடு சேர்ந்து வருவது. இராவணனின் தாய் கோணேசரைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காதவள். அவள் நோயில் விழுந்து நடக்க முடியாமற் போனாள். கோயிலை மலையோடு பெயர்த்துக்கொண்டுபோய்த் தாயின் முன்னால் வைத்துவிடுகிறேன் என்று மகன் வாளை எடுத்துப் பாறையை வெட்டினான். அந்த வெட்டு இன்றைக்கும் கடலுக்கு மேலே பிளந்து நிற்கிறது. மலை போகக்கூடாது என்று விஷ்ணு ஒரு கிழவனாக வந்தார். உன் தாய் செத்துப்போனாள், நீ இங்கே கல்லோடு மாரடிக்கிறாய் என்றார். இராவணனின் கையிலிருந்து வாள் விழுந்தது. தாய்க்குக் கடமை செய்ய வேண்டும், தண்ணீருக்கு எங்கே போவேன் என்று அழுதவனைக் கிழவன் கூட்டிக்கொண்டுபோய்க் கைத்தடியால் நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினார். ஏழு கிணறு, ஏழு விதமான சூடு. அதனால்தான் அந்தப் பகுதிச் சைவர்கள் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டியை அங்கே போய்ச் செய்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்ட அன்று கிளிக்கு எட்டு வயது. நாலாவது கிணற்றடியில் தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்றாள். கிழவன் பொய் சொல்லியிருந்தால், இராவணன் வீட்டுக்குப் போனபோது தாய் உயிரோடு இருந்திருப்பாளே என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்த பேரின்பநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. கதை அதோடு முடிந்தது, வாயை மூடிக்கொண்டு முழுகு என்றார்.

அதே கேள்வியைக் கிளி இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடியும் கேட்டாள். மொன்றியலின் ஓரத் தீவான இல்-பிசாரில், தன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அவர் வந்து கால்மாட்டில் நின்றபோது, மூக்கில் காற்றுக் குழாயோடு சிரித்தாள்.

“இருங்கோ அண்ணை. நீங்கள் நிக்கிறதைப் பாத்தா நான் கச்சேரியிலை விண்ணப்பம் குடுக்க வந்த மாதிரிக் கிடக்கு.”

அவர் இருந்தார். அவள் போத்தலைக் காட்டி, சின்ன வயதில் தான் கேட்டதற்கு அவர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை என்றாள். இராவணன் வீட்டுக்குப் போனபோது தாய் இருந்தாளா?

“கதையிலை அது இல்லை,” என்றார் பேரின்பநாயகம்.

“கதையிலை இல்லாட்டில் என்ன? நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம். தாதி வந்து தலையணையை மாற்றினாள். வதனி கோப்பி வாங்கி வந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அவர் எழுந்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் கிளி நித்திரையில் இருந்தாள். வெள்ளி காலை பத்து நாற்பது.

சொல்ல வேண்டியிருந்தது இதுதான்.

எண்பத்துநாலாம் ஆண்டு மாசியில், இருபத்தொரு வயதுக் கிளி, மன்னாரிலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை செய்த கத்தோலிக்கப் பெடியன் அன்ரனோடு போய்விட்டாள். இரண்டு பேரும் மன்னாருக்குப் போய் அங்கிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குக் கடந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு, பேரின்பநாயகத்துக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. குடும்பத்தின் பெயர் தமையனின் தலையில். விடிய எழும்பி மகளைத் தேடிய தாயிடம் பேரின்பநாயகம் ஓடிப்போனாள் என்று சொல்லவில்லை. இந்தியாவில் படிக்க வைக்கலாமென்று தானே அனுப்பியதாக முதல் நாள் சொன்னார். வள்ளம் கவிழ்ந்துவிட்டதாக நாலாம் நாள் சொன்னார். வேதக்காரனைக் கட்டிய மகளைவிடச் செத்துப்போன மகளை அம்மா தாங்குவாள் என்று அவர் அப்போது மனதார நம்பினார்.

உடல் இல்லாதபடியால், ஒருவரையும் கூப்பிடாமல், தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் ஐயரும் தாயும் அவருமாக மூன்று பேர் மட்டும் கன்னியாவுக்குப் போனார்கள். காலம் சரியில்லை, சனம் கூட வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தார். தாய் ஏழு கிணற்றிலும் மகளுக்காக முழுகினாள். ஆகச் சூடான கிணற்றில் தண்ணீரைத் தாங்க முடியாமல் அவளுடைய தோள் சிவந்துபோனது. அவள் வாளியை விடவில்லை.

அக்கம்பக்கத்துக்கு உண்மை தெரியும், பிள்ளை ஓடிப்போனாள் என்று. அவர்களிடம் அவர் வேறு விதமாகச் சொன்னார். அம்மாவுக்கு முன்னால் அவளுடைய பேச்சை எடுக்க வேண்டாம். அவ்வளவுதான் சொன்னார். அதைக் கேட்டவர்கள் தாய்க்கு அவ்வளவு கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்தும் பிறகு மொன்றியலிலிருந்தும் தாயின் பெயருக்கு வந்த ஒன்பது கடிதங்களைத் தபால்காரர், அவர் கேட்டுக்கொண்டபடி, கச்சேரியில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஒன்றையும் வாசிக்கவில்லை. வாசிக்காமல் கிழித்ததை அப்போது ஒரு நேர்மை என்று நினைத்தார். எண்பத்தாறில் தாய் போய்ச் சேர்ந்தாள்.

தொண்ணூற்றாறில் அவரையும் வசந்தினியையும் கனடாவுக்குக் கூப்பிட்டவள் கிளிதான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரிச் சாப்பாட்டுச்சாலையில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைத் தன் கைக்கு மாற்றியபடி கேட்டாள், அம்மா கடைசியில் தன்னைக் கேட்டாளா என்று.

“அம்மா உன்ரை பேரை எடுக்கேல்லை,” என்றார் அவர்.

அது உண்மை. பெயரைச் சொன்னால் அழுகை வருமென்று தாய் மகளின் பெயரைச் சொல்வதில்லை. அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு கிளி இருபத்தொன்பது வருஷம் இருந்தாள். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முட்டைப் பொரியலுக்கு வெங்காயம் கூடப் போட்டாள், அண்ணைக்கு அதுதான் பிடிக்கும் என்று.

ஞாயிற்றுக்கிழமை லவாலில் இறுதிச்சடங்கு மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். வாசலில் சப்பாத்துகளிலிருந்து வழிந்த, பனிக்குத் தெருவில் தூவிய உப்புக் கலந்த தண்ணீர் வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்திருந்தது. நெற்றியில் திருநீறும் கையில் அன்ரன் வைத்த செபமாலையுமாகக் கிளி கிடந்தாள். செபமாலை விஷயத்தில் பேரின்பநாயகம் வாய் திறக்கவில்லை. வசந்தினி அதைக் கவனித்து அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

சனம் குறைந்த நேரத்தில் குடும்பத்தார் பக்கத்து அறையில் கோப்பியோடு இருந்தார்கள். வதனி சிறுபிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்பவள். யாரையும் அதட்டாமல் தான் நினைத்ததைச் செய்விக்கத் தெரிந்தவள். அவள் தமையனும் தம்பியும் இல்லாத ஒற்றைப் பிள்ளை. குருக்களிடம் கேட்டுவிட்டதாகவும் மகள் கடமை செய்யலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு மாமனின் பக்கம் திரும்பினாள்.

“அம்மாவின்ரை சாம்பலை ஊருக்குக் கொண்டு போறன் மாமா. அந்தியேட்டியைக் கன்னியாவிலை செய்யப்போறன். நீங்களும் வரவேணும்.”

“அங்கை செய்ய ஏலாது.”

“ஏன்?”

அவர் இங்கேயே ஆற்றில் கரைக்கலாம் என்றார். இல்-பிசாரில் படகுத்துறையடியில் இடமிருக்கிறது என்றார். பயணம் கஷ்டம் என்றார். ஒருத்தருக்கு அந்தியேட்டி ஒருதரந்தான் என்று மட்டும் சொல்லவில்லை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து தங்கையைக் காணும்போதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்த வசனம் அது. உயிரோடு இருந்தவள் முன்னால் இருந்து சோறு போட்டபோதும், தர்ப்பையில் கிடந்த உருவம் அவர் கண்ணுக்குள் கிடந்தது.

வதனி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அம்மா சொன்னவ, அம்மம்மா கோவத்தோடை போனவவாம். அம்மம்மாவுக்குச் செய்த இடத்திலை எனக்கும் செய், கோவம் ஆறும் எண்டு. அதுக்குத்தான் மாமா அந்தத் தண்ணியும் கேட்டவ. நீங்கள் விடேல்லை.”

இரவிச்சந்திரன் நல்லவன். பேச்சு நின்றுபோனால் அவனுக்குத் தாங்காது. பிள்ளையைத் தேற்றுகிறேன் என்று அவன் கிளியின் தாயான தன் பெரியம்மாவைப்பற்றித் தொடங்கினான்.

“பெரியம்மாவைக் குறை சொல்ல ஏலாது பிள்ளை. அந்தக் காலத்துச் சனம். கடைசிமட்டும் மன்னிக்கேல்லைத்தான். உன்ரை அம்மா போட்ட கடிதங்களை உடைக்காமலே அடுப்புக்குள்ளை போட்டவவாம். கிளியக்கா வாசலிலை வந்து நிண்டாலும் கதவைத் திறக்கமாட்டன் எண்டு சொன்னவவாம். போன வருசம் போனபோதும் சனம் இதைத்தான் கதைச்சது.”

பேரின்பநாயகம் தன் தாயை நினைத்தார். ஏழாவது கிணற்றடியில் ஈரச் சேலையோடு குந்தியிருந்தவளை. ‘பிள்ளைக்குக் குளிருமடா கடலுக்குள்ளை’ என்று சொன்னவளை. குடும்பத்தின் பெயருக்காக அவர் செய்த காரியம் கடைசியில் அந்த மனுசியின் பெயரில் வந்து படிந்திருந்தது.

அவர் எழுந்தார். வழக்கம்போல முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

“இரவி. நீ சொன்னது பிழை.”

“இல்லைப் பெரியண்ணை, சனம் சொல்றதைத்தான்…”

“அம்மா ஒரு கடிதமும் எரிக்கேல்லை. ஒண்டும் அவவின்ரை கைக்குப் போகேல்லை. நான் கிழிச்சனான். கிளி கடல்லை செத்துப்போனாள் எண்டு அம்மாவுக்கு நான்தான் சொன்னனான். கன்னியாவிலை கிளிக்கு அந்தியேட்டியும் செய்துபோட்டன். எண்பத்துநாலிலை.”

வசந்தினி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்தாள். அன்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், மறுபடியும் எடுத்தார், போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த அறையில் யாரோ வந்து மெதுவாகக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

வதனி தன் பைக்குள் கைவிட்டுச் சோடாப் போத்தலை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவள் அதை அவரிடம் நீட்டவில்லை. அவர் எழுந்த கதிரையில் வைத்துவிட்டு, தாய் கிடந்த அறைக்குப் போனாள். மூடிக்குக் கீழே தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் நின்றது. பேரின்பநாயகம் இருக்க இடமில்லாமல் அப்படியே நின்றார்.

இரவிச்சந்திரன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அப்ப, பெரியம்மா மன்னிக்கேல்லை எண்டது?”

“பொய்,” என்றார் பேரின்பநாயகம். “அம்மாவிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.”