ஆனந்தி வைத்த நானோ

சிவசங்கரி ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவன் அசோக்குமாருக்கு மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அவள் சென்னைக் கம்பெனி ஒன்றின் லினக்ஸ் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டாள்.

அன்று காலை எட்டேகாலுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. தினமும் விடிவதற்குள் ஒரு மருத்துவமனைக்குப் போய்ச்சேர வேண்டிய நோயாளிகள் பட்டியல் போகவில்லை. ஒன்பதுக்கு அங்கே கூட்டம் சேர்ந்துவிடும்.

சர்வரிலுள்ள கோப்புகளைத் திருத்தக் கம்பெனி புதிதாகக் கொடுத்திருந்த எடிட்டரைத் திறந்தாள். கலர் கலராக எழுத்தைக் காட்டும், தப்பைத் தானே சுட்டும். ஆனால் சர்வரோடு சேர அதற்கு நல்ல சிக்னல் வேண்டும். மலையில் ஒரு கோடுதான் இருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு அதை மூடினாள். எப்போதோ இறக்கி வைத்த, சர்வருக்குள் நுழைய உதவும் 'புட்டி' என்ற பழைய மென்பொருளைத் திறந்தாள். கறுப்பு ஜன்னல், வெறும் எழுத்து. அதற்கு ஒரு கோடு சிக்னலே தாராளம். அவள் இதுவரை கைவைக்காத அந்தப் பழைய சர்வருக்குள் போய்ப் பார்த்தால், பட்டியல் தானாகக் கிளம்பவேண்டிய மணியை யாரோ முந்தின நாள் தப்பாக மாற்றியிருந்தார்கள். திருத்துவதற்கான கட்டளையை அடித்தாள். அவளுக்குப் பழகிய விம் எடிட்டர் திறக்கும் என்று விரல்கள் காத்திருந்தன. திறந்தது நானோ என்ற வேறொரு எடிட்டர்.

முணுமுணுத்துக்கொண்டே மணியைத் திருத்தினாள். அன்றைய பட்டியலைக் கையாலேயே அனுப்பிவைத்தாள். எட்டு ஐம்பதுக்கு அது போய்ச்சேர்ந்தது.

அப்புறம்தான் நானோ எப்படி வந்தது என்று தேடினாள். அமைப்புக் கோப்பில், அதைத் தேர்ந்தெடுக்கும் வரிக்கு மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழாக: 'சங்கரி கத்துவா. கத்தட்டும்.' கூடவே 2013 என்று வருடம்.

சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்தது. அவளைச் சங்கரி என்று கூப்பிட்டவள் ஆனந்தி ஒருத்திதான். இதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே மேசை. விம்மா நானோவா என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை. "வெளிய வர்றதுக்கே வழி தெரியாத எடிட்டர் எதுக்குடி?" என்பாள் ஆனந்தி. விம்முக்குள் மாட்டிக்கொண்டு அவள் கம்ப்யூட்டரையே அணைத்த நாளில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிள்ளை பிறந்ததும் ஆனந்தி வேலையை விட்டு, இந்த மலையடிவாரத்து ஆலங்காயத்துக்கு வந்துவிட்டாள். பேச்சு வாழ்த்துச் செய்தியாகச் சுருங்கி, அதுவும் நின்று ஆறு வருடம்.

எண் மாறியிருக்குமோ என்று யோசித்தபடியே கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் ஆனந்தி எடுத்தாள்.

"இன்னாடி, திடீர்னு?"

"நீ வெச்ச நானோ இன்னும் அப்டியே இருக்குது."

"மாத்திட்டியா?"

"இல்ல. இன்னிக்கு அதுலதான் வேலையே முடிச்சேன்."

"நான் செஞ்சது எதுவும் மிச்சமில்லன்னு நெனச்சிருந்தேன்," என்றாள் ஆனந்தி. பிறகு மெல்லக் கேட்டாள்: "மறுபடி வேலைக்குப் போலாம்னு இருக்கேன். எல்லாம் மறந்து போச்சுடி. இப்போ எதுல ஆரம்பிக்கிறது?"

"புட்டியில ஆரம்பி. உன் நானோவே போதும்," என்றாள் சிவசங்கரி. "வூட்டுக்கு வா, உக்காந்து பாக்கலாம்."

"ஞாயித்துக்கெழம வர்றேன். மேல வர பஸ்ஸு எப்போ?"

சிவசங்கரிக்குத் தெரியவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அசோக்குமாரைக் கூப்பிட்டாள்.