கை முளைத்த தீயணைப்புக்காரி

நூலகத்தின் மூலையில் இருந்த அந்த அலமாரிக்கு அன்று தீர்ப்பு. வயது வந்தோருக்கான மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை, நூற்றிருபது தொகுதிகள். அட்டைக்கு அட்டை ரத்தம், இரும்பு, அறுந்த கைகால். ‘இந்தக் கண்றாவி தேவையா?’ என்று யாரோ மொட்டைக் கடிதம் போட, அதை ஆராய ஒரு குழு உட்கார்ந்திருந்தது.

குழுத் தலைவர், அங்கே நூலகராக இருந்தவளுக்குப் பெரியப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மைக் கிடைக்காவிட்டால் கரண்டியைப் பிடித்தாவது பேசுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் கணவன் விபத்தில் போனபோது, உடலை எடுக்கவிடாமல் நாற்பது நிமிடம் ஆறுதல் சொன்னவர்.

அதில் ஒரு சொல்லும் அவளுக்கு ஒட்டவில்லை. ஒட்டியது இந்த அலமாரியின் முதல் தொகுதிதான். பாதி உடல் இயந்திரமான ஒரு தீயணைப்புக்காரி எரியும் நகரத்தில் ஒவ்வொருவராக இழக்கிறாள், கடைசியில் கையையும். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று கதையில் ஒருவரும் அவளிடம் சொல்வதில்லை. அதற்காகவே அவள் ஏழு முறை படித்திருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

“தடை போடத்தான் முதல் தொகுதியை எடுத்தேன். படிச்சு அசந்துட்டேன்! ஆரம்பத்துல ஊரே சாம்பல். நாயகிக்கு ஒத்தைக் கை. அப்புறம் பாருங்க, கை முளைக்குது! செத்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்திரிக்கிறாங்க. முடிவுல குடும்பமா உட்கார்ந்து காபி குடிக்கிறாங்க. வசனம்தான் முன்னுக்குப் பின் முரணா இருக்கு, இலக்கியம்னா அப்படித்தானே? இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம்!”

பேனாவின் மூடி திறந்துவிட்டது. ஒரு கையெழுத்து, அலமாரி பிழைக்கும்.

குழுவில் அவள் பக்கத்திலிருந்த பல் டாக்டர், ஊரையே வாயைத் திறக்கச் சொல்பவர், குனிந்து கிசுகிசுத்தார்: “வாயைத் திறக்காதீங்கம்மா. போட்டுடட்டும்.”

ஆனால் அந்தத் தீயணைப்புக்காரிக்குச் சும்மா ஒரு கையை ஒட்டவைத்துவிட்டுப் போவதை நூலகரால் தாங்க முடியவில்லை.

“பெரியப்பா, மங்காவை வலது பக்கத்துலேர்ந்து புரட்டணும். நீங்க கடைசிலேர்ந்து படிச்சிருக்கீங்க. நீங்க திறந்த பக்கத்துலயே ‘நில்லுங்கள், இது முடிவு’ன்னு போட்டிருக்கே?”

“முன்னுரைன்னு நினைச்சேன்,” என்றார் தலைவர். “நான் முன்னுரை எழுதுவேன், படிக்கறதில்ல.”

டாக்டர் இருமுவதுபோல் சிரித்தார்.

“கை முளைக்கல, போகுது. யாரும் எழுந்திரிக்கல.”

“அப்ப இதுல நல்லதுன்னு என்னதான் இருக்கு?”

“கை போனப்புறமும் அவ அடுத்த வீட்டு நெருப்புக்குள்ள போறா. அவ்வளவுதான் இருக்கு. பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க. எங்களுக்கு வேணும். வேண்டாம்னா இப்பவே எடுத்துடுங்க. இல்லாத கையைச் சொல்லிக் காப்பாத்த வேண்டாம்.”

தலைவர் புத்தகத்தைத் திருப்பினார். வலமிருந்து தொடங்கினார். காபி குடிக்கும் குடும்பத்தில் கொஞ்சம் நின்றார்; இப்போது அவருக்குத் தெரியும், அதில் யார் யார் மிஞ்சப் போவதில்லை என்று. கால் மணி நேரம் அறையில் தாள் புரளும் ஓசை மட்டும். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் பக்கம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. ‘பெரியவர்களுக்கு மட்டும். இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுந்தவர் வாசலில் தயங்கினார். “ரெண்டாவது தொகுதி...?”

“வெளியே போயிருக்கு. உங்களுக்கு முன்னாடி பதினொரு பேர் சொல்லி வெச்சிருக்காங்க,” என்றாள் அவள், தலை நிமிர்ந்து. “காத்திருங்க, பெரியப்பா.”