காய்ந்த பக்கத்துச் சக்கரம்

இடப்பக்கப் பின்சக்கரம் சேற்றை வாரியிறைத்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. வலப்பக்கச் சக்கரம் காய்ந்த தரையில் சும்மா நின்றது. பிக்கப்பின் முதுகில் தொட்டி, தொட்டிக்குள் ஆயிரக்கணக்கான மீன் குஞ்சுகள், பக்கத்தில் அவற்றுக்கு ஆக்சிஜன் விடும் சிலிண்டர். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வேலையை விட்டுவிட்டு வெட்டிய குளத்துக்குப் போகிற முதல் குஞ்சுகள். குளத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது.

"ஆக்சிஜன் எவ்ளோ இருக்கு மச்சான்?"

"முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. இருபது நிமிஷம் தாங்கும்."

வண்டியை இழுத்துவிட வர ஒரு மணி நேரம் ஆகும் என்று டிராக்டர்காரர் போனில் சொல்லிவிட்டார். சக்கரத்துக்கு அடியில் கல் போட்டோம், சாக்குப் போட்டோம். சேற்றில் சுற்றுகிற சக்கரத்தை அடக்க ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒரு சாண் நகர்ந்த வண்டி, முன்னைவிட ஆழமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

மெக்கானிக் என்று பெயர் எடுத்தவன் நான். எனக்குக் காரணம் தெரியும். சாதாரண வண்டியில் எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதுதான் சுற்றும், மற்றது வேடிக்கை பார்க்கும். இது சாதாரண வண்டி இல்லை, லிமிடெட் ஸ்லிப். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து, காய்ந்த பக்கத்துச் சக்கரத்தையும் இழுத்துச் சுற்றவைக்கும். தேடித் தேடி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம், திருப்பத்தில் பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது என்றார் மச்சான். அது தட்டுகள் பிடிக்கிற சத்தம். எண்ணெயில் கலக்கிற வழவழப்பு மருந்தைக் கொஞ்சம் ஊற்றினால் குறையும். நான் ஒரு பாட்டில் ஊற்றினேன். சத்தம் போகவில்லை. என் கைக்கு வந்த வேலையில் சத்தம் மிஞ்சுவதா என்று இன்னும் இரண்டு பாட்டிலைக் கவிழ்த்தேன். வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது. தட்டுகளின் பிடியும் அதோடு போயிருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்குச் சாப்பிடும்போது என் மனைவியிடம் அவர், "உன் வீட்டுக்காரன் கைராசிக்காரன்மா" என்றார். நானும் வெட்கமில்லாமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். மச்சான் தொட்டி மேல் ஏறி, குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். காற்று கலக்கட்டும் என்றுதான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிலிண்டரின் உஸ் சத்தம் மெலிந்துகொண்டே வந்து நின்றது.

"மாப்ள," என்றார் திரும்பாமல். "அன்னைக்கு அந்தச் சத்தத்த நிறுத்தினியே. அந்த மாதிரி ஏதாவது பண்ணேன்."

நான் குனிந்து வலப்பக்கச் சக்கரத்தின் மேல் கை வைத்தேன். அதில் ஒரு துளி சேறுகூட இல்லை. காலையில் வீட்டு வாசலில் ஒட்டிய புழுதி அப்படியே இருந்தது.