சோற்றை விட்டவன்

கூரையில் ஏறி ஷீட்டு போடுகிறவன் நூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி சட்டம் போட்டபோது, அது தனக்குச் சொன்னதில்லை என்றே துலுக்கானம் நினைத்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூரைமேல் நடக்கிறவன். எந்த ஷீட்டு இற்றுப்போயிருக்கிறது, எது தாங்கும் என்று பாதத்தை வைத்தே சொல்லிவிடுவான். எங்கே வேலை என்றாலும் முதலில் அவன் ஏறுவான். அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

"மாமே போன எடத்துல லாரியே போலாம்" என்பான் கூட்டாளி சுலைமான். அந்தக் கேலியில் துலுக்கானத்துக்குக் குறையொன்றும் இல்லை.

கம்பெனியின் முதலுதவி அறையில் எடை மிஷின் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி நிர்மல் விருதுநகர்ப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மிஷினைக் குனிந்து பார்த்தான்.

"நூத்திநாலு இருக்கீங்கண்ணே. சேஃப்டி பெல்ட்டு நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும்னு அதுலயே போட்டிருக்கு. உங்கள ஏத்திவிட்டா நாளைக்கு என் தலைதான் உருளும்."

"இந்த பெல்ட்ட கட்டிகினு எம்மாம் வருசமா ஏறிகினு கீறேன் சார். ஒரு நாளாச்சும் பெல்ட்டு என்ன தூக்கிச்சா? நாந்தான் அத்த தூக்கிகினு போறேன்."

நிர்மல் சிரித்தான். சிரித்தானே தவிர, கூரை ஏறும் பர்மிட்டில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் பெரிய ஷெட்டுக்குக் கூரை மாற்றும் வேலை. அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே என்றான். அதிகம் தாங்கும் பெல்ட்டும் இருக்கிறது, காண்ட்ராக்டரைக் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னான். காண்ட்ராக்டர் ஜெகதீசனிடம் கேட்டதற்கு, "அத்த வாங்கறதுக்கு ஒல்லியா ஒரு ஆளயே வாங்கிடுவேன்" என்று பதில் வந்தது.

கீழ் ஆள் என்பவன் ஷீட்டைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புகிறவன். வேலைக்குப் புதிதாக வந்தவனும் இடுப்பு ஒடிந்தவனும் செய்கிற வேலை. கூலி குறைச்சல் என்பது ஒரு பக்கம். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து, மேலே இருக்கிறவன் சொன்னதைச் செய்ய வேண்டும். துலுக்கானம் இத்தனை காலமும் குனிந்து பார்த்துச் சொல்லியே பழகியவன்.

உடம்பைக் குறைப்பது என்றால் என்ன என்றே அவனுக்கு விளங்கவில்லை. அது அவன் பாடுபட்டு ஏற்றிய உடம்பு. அவனுடைய அப்பா மூட்டை தூக்கினவர். முதுகில் மூட்டையும் மார்பில் எலும்புமாக இருந்து, அப்படியே செத்தும் போனார். லோகநாயகியைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மா வேம்புலியம்மாள், அவன் காதில் விழும்படியாகவே, "மாப்ள காத்தடிச்சா பறந்துடுவான் போல கீறானே" என்றாள். பிறகு அவன் உடம்பு ஏற ஏற மாமியாரின் மரியாதையும் ஏறியது. தொப்பை விழுந்த வருஷம் அவள் அவனை 'வா, போ' என்று பேசுவதை விட்டு 'வாங்க' என்றாள். தெருவிலும் அப்படித்தான். ஒல்லியாய்த் திரிந்தவரை 'டேய்' என்றவர்கள், சட்டை பொத்தான் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்ததும் 'அண்ணாத்தே' என்றார்கள். இப்போது குறைக்கச் சொன்னால் எதைக் குறைப்பது?

யோசித்து, சோற்றை விடுவது என்று முடிவு செய்தான்.

"நாளைலேர்ந்து எனுக்கு சோறு வாணாம்" என்றான் வீட்டில்.

லோகநாயகி கரண்டியோடு திரும்பினாள். "இன்னாய்யா, எவளாச்சும் மந்திரிச்சி உட்டாளா?"

விஷயத்தைச் சொன்னான். அவளுக்கு வேலை புரிந்தது, கம்பெனி புரிந்தது, சோறு வேண்டாம் என்பது மட்டும் புரியவில்லை. மறுநாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சோற்றையே விட்டுவிட்டானாம் என்று திருவேற்காட்டில் அவர்கள் இருந்த சந்து அவனைப் பார்த்து வியந்தது. மாலை போட்டவனுக்குக் கிடைக்கும் மரியாதை கிடைத்தது.

விரதத்தில் அவன் சுத்தமாக இருந்தான். காலையில் ஆறு இட்லி, வடகறி. அது டிபன். வேலை இடத்தில் பத்து மணி டீக்கு இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து சோறு சாப்பிடும்போது அவன் மட்டும் எழுந்து போய் நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றிக்கொண்டு வந்தான். நாலு மணிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, அதில் நனைக்கப் பொறை ரொட்டி. வீட்டுக்கு வந்தால் தோசை. எதையும் அவன் ஒளித்துத் தின்னவில்லை. ஒளிக்க இதில் என்ன இருக்கிறது? இதெல்லாம் வாயில் போட்டுக்கொள்வது. சாப்பாடு என்றால் சோறு. யாராவது "சாப்ட்டியாபா" என்று கேட்டால், "எங்க, சாப்புட்றதே இல்லியே" என்றான். மனசறிந்து சொன்ன உண்மை அது. கஞ்சி வடிக்கிற வாசனை வரும் நேரத்தில் அவனால் வீட்டில் உட்கார முடியவில்லை. எழுந்து தெருமுனைக்குப் போய் நின்றான்.

சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் பிரியாணி போட வந்தவனை இலைமேல் கையை விரித்துத் தடுத்துவிட்டு, கறியை மட்டும் வைக்கச் சொன்னான். எதிர் வரிசையில் இருந்த வனஜா சின்னம்மா, "இன்னா நைனா, மூஞ்சியே வத்திப்போச்சே, சக்கரையா?" என்று கண் கலங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அவன் வற்றிப்போனதைக் கண்டுபிடித்தார்கள். துலுக்கானத்துக்கே இடுப்பில் பேண்ட் தளர்ந்த மாதிரி இருந்தது.

தைரியமாகப் போய் மிஷினில் ஏறினான். நூற்றைந்து.

"மிஷின் ரிப்பேர் சார்."

நிர்மல் சுலைமானை ஏறச் சொன்னான். சுலைமான் எப்போதும் உள்ள எடையில்தான் இருந்தான்.

"என்னதான்ணே சாப்பிடுதீங்க?"

துலுக்கானம் ஒன்று விடாமல் சொன்னான். நிர்மல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"அண்ணே, பரோட்டா?"

"அது பரோட்டா சார். சோறு கெடயாது."

"அதெல்லாம் சோத்தவிட மோசம்ணே. நீங்க பேசாம சோறே சாப்பிட்டிருக்கலாம்."

ஒரு மண்டலம் விரதம் இருந்து வந்தவனிடம் கோயிலே பூட்டிக் கிடக்கிறது என்று சொன்ன மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் சுலைமான், "பஜ்ஜிகாரன் மட்டும் எளச்சி கீறான் மாமே, உனுக்கு போட்டு போட்டு" என்றான். துலுக்கானம் சிரிக்கவில்லை.

வேலை தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தினான். சர்க்கரை போடாத டீ, நீர் மோர், தண்ணீர். லோகநாயகி எதை வைத்தாலும் தட்டைத் தள்ளினான்.

"கேக்கறவங்களுக்கு நான் இன்னாத்த சொல்றது? என் ஊட்டுக்காரன் மெலியறதுக்கு கூலி வாங்கறான்னா?" என்று அவள் கத்தினாள்.

முதலில் கோபம் வந்தது. அடுத்தவன் வாய் அசைவதைப் பார்த்தாலே அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அப்பால் கோபம் போய் ஒரு திமிர் வந்தது. இத்தனை பேரும் தின்றுகொண்டிருக்கிறார்கள், நான் தின்னவில்லை என்ற திமிர். அதுவும் அடங்கிய பிறகு தலைக்குள் லேசாக ஒரு இரைச்சலும், பார்க்கிறதெல்லாம் கொஞ்சம் தள்ளி இருப்பது போன்ற ஒரு மிதப்பும் மிஞ்சின. இது அவனுக்குப் புதிது இல்லை. மூன்றாம் வகுப்பில் கரும்பலகை இப்படித்தான் மிதக்கும். வாத்தியார் மக்குப் பையன் என்று சொல்லிப் பின் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

வேலை தொடங்கும் நாள் காலையில் மிஷின் தொண்ணூற்றொன்பது சொச்சம் காட்டியது.

"சொன்னபடி செஞ்சிட்டீங்கண்ணே" என்று நிர்மல் கையெழுத்துப் போட்டான். அவனுக்கும் சந்தோஷம்தான். "ஆனா தெனமும் காலைல ஏத்திப் பாத்துதான் பர்மிட்டு போடுவேன், பாத்துக்கிடுங்க."

எடை போட்டதும் வயிறு முட்டத் தின்றுவிட வேண்டும் என்று பத்து நாளாக அவன் நினைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. இன்றைக்குத் தின்றால் நாளைக்குக் கீழே.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சுலைமானும் கௌதமும் இட்லி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கௌதம் கூரைக்குப் புதிதாக ஏறப் பழகுகிறவன். தின்னாமல் எவனும் ஏறக் கூடாது என்பது இவர்கள் செட்டில் சட்டம். போட்டதே துலுக்கானம்தான். முன்னொரு காலத்தில் கூட வேலை செய்த ஒருத்தன் வெறும் வயிற்றோடு வந்து, கிறுகிறுத்து விழுந்து, இன்றைக்கும் பாடியில் தன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். துலுக்கானம் தன் இலையை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். இட்லியைப் பிட்டான். வடகறியில் தோய்த்தான். மோந்து பார்த்துவிட்டு அங்கே படுத்திருந்த நாய்க்கு வைத்தான். வெறும் இலையோடு திரும்பி வந்தான்.

"துன்னியா மாமே?"

"ஆச்சு."

ஷெட் உயரம். ஏணியில் முதலில் துலுக்கானம், அவனுக்குக் கீழே சுலைமான், கடைசியில் கௌதம். பாதி தூரம் கை கால் தானாகப் போனது. அதற்கு மேல் இரும்பு வழுக்குகிற மாதிரி இருந்தது. வழுக்கவில்லை, விரல்தான் இறுகவில்லை. வெயில் மஞ்சளாகி, பிறகு கறுப்பாகியது. பெல்ட்டின் கொக்கியை ஏணியில் மாட்ட வேண்டும் என்று தெரிந்தது. கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"இன்னா மாமே, நின்ட்ட?"

துலுக்கானத்தின் வலது கால் படியிலிருந்து நழுவியது. சுலைமான் இரண்டு படி எக்கி அவன் தொடைக்குக் கீழே தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டான். தானே கொக்கியை எடுத்து மாட்டினான். "கண்ண மூடிக்க. மூச்ச உடு. எறங்கு. ஒவ்வொண்ணா எறங்கு" என்று சொல்லிச் சொல்லி, அந்த எடை முழுதையும் தோளில் வாங்கிக்கொண்டு கீழே கொண்டுவந்து சேர்த்தான்.

தரையில் உட்கார வைத்ததும் துலுக்கானம் வாந்தி எடுத்தான். மஞ்சள் தண்ணீர் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. சுலைமான் குனிந்து அதைப் பார்த்தான்.

"இட்லி எங்கடா?"

துலுக்கானம் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கேக்கறேன்ல? இப்பத்தான துன்னேன்ன. எங்க அது?"

"நாயிக்கு போட்டுட்டேன்."

சுலைமான் தன் தோளைப் பிடித்துக்கொண்டே திட்டினான். துலுக்கானத்தின் அப்பா வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். "நீ உழுந்தா யார் மேல உழுவ? எம்மேல. தொண்ணூத்தொம்பது கிலோதான், நூறு இல்லன்னு சந்தோசப்பட்டுகினே நான் சாவணுமா? கழட்டு பெல்ட்ட."

"மச்சான், இன்னிக்கு ஒரு நாளு..."

"கழட்டு. இல்லாங்காட்டி நான் ஊட்டுக்கு போறேன். நீயே ஏறி நீயே உழு."

சத்தம் கேட்டு நிர்மல் ஓடிவந்தான். சுலைமான் வேறு பக்கம் பார்த்தான், கௌதம் தரையைப் பார்த்தான். காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. துலுக்கானம் இடுப்பில் இருந்ததை அவிழ்த்துக்கொண்டே, "தல சுத்திடுச்சி சார். துன்னல" என்றான்.

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளா."

நிர்மல் பர்மிட்டை வாங்கிக் குறுக்கே கோடு போட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. "நான் உங்கள பட்டினி கிடக்கச் சொல்லலியேண்ணே" என்றான்.

"நீ சொல்லல சார். மிஷின் சொல்லிச்சி. உடு, நான் கீழ நிக்கிறேன்."

துலுக்கானம் கழற்றிய பெல்ட்டைச் சுலைமான் கௌதமுக்குக் கட்டினான். சுற்றளவு சரிவராமல் வாரை இழுத்து இழுத்து இறுக்க வேண்டியிருந்தது. ஏறுவதற்கு முன் சுலைமான் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து துலுக்கானத்தின் மடியில் வைத்தான்.

நிழலில் உட்கார்ந்து திறந்தான். புளிச்சோறு, ஓரத்தில் ஒரு அவித்த முட்டை. நாற்பது நாளில் முதல் சோறு. இரண்டு விரலால் எடுத்து வாயில் வைத்தான். கண்ணில் தண்ணி வரும் என்று நினைத்திருந்தான், வரவில்லை. உப்பு கொஞ்சம் கம்மி. சோறு சோறு மாதிரிதான் இருந்தது. இரண்டாவது வாய்க்குத் தலைக்குள் இருந்த இரைச்சல் தணிந்தது. எதிரே இருந்த சுவர் தன் இடத்துக்கு வந்து நின்றது. மேலே தகரத்தில் காலடிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. இன்று முன்னால் போவது சுலைமான். அவன் நடை வேகம். பின்னால் வருகிறவன் பயந்து பயந்து வைக்கிறான். வயிறு சுருங்கியிருந்ததால் பாதி டப்பாவிலேயே மூச்சு முட்டியது. ஆனாலும் கை போய்க்கொண்டிருந்தது.

"டேய் கீழ! ஷீட்ட கட்டுறா, எம்மா நேரம்!" என்று கூரை விளிம்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

அண்ணாந்து பார்த்தான். கௌதம். அவனும் கீழே பார்த்தான். கீழ் ஆளாக யார் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே... தெரியாம..."

துலுக்கானம் வாயில் இருந்த சோற்றை மென்று முழுங்கினான். டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"கயித்த உடு" என்றான்.